உப்புநீர்ப் பாட்டில்: ஓர் ஒப்புநோக்கு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்குகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்த சமயம், அங்கத்தினர் ஒருவர் தமது சேமிப்பிலிருந்து பணம் பெற விண்ணப்பத்துடன் வந்தார். மூன்று மாதங்களில் அது அவருக்கு நான்காவது விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் நான்கு முறையும் ஒன்றே எழுதப்பட்டிருந்தது: "மனைவிக்குக் குளுக்கோஸ் ஏற்ற". நாம் வினவியதற்கு அவர், "இரண்டு பாட்டில் ஏற்றினால்தான் ஐயா, அவளால் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்ற முடிகிறது. ஒரு வாரம் தாங்குகிறது, மறுபடி அசந்து விடுகிறாள்" என்றார். விண்ணப்பம் விதிப்படி இருந்தது, பணமும் கொடுக்கப்பட்டது. ஆயினும், அந்தப் பாட்டிலில் இருப்பது யாது, அது எவருக்கு எப்பொழுது பயன்படும், ஒரு பாட்டிலுக்கும் மற்றொரு பாட்டிலுக்கும் வேற்றுமை என்ன என்ற கேள்விகள் நம்மை விட்டு அகலவில்லை. நாம் வைத்தியரல்லோம். எனினும், மருத்துவ உலகம் இவ்விஷயத்தில் செய்துள்ள பரிசோதனைகளின் முடிவுகள் எவரும் படித்தறியக் கூடியவை. அவற்றைச் சங்க அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவர்களது உடலுக்கும் நன்று, பணத்திற்கும் நன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

பாட்டிலுக்குள் இருப்பது யாது?

மக்கள் பொதுவாகக் "குளுக்கோஸ்" என்றும் "ட்ரிப்ஸ்" என்றும் கூறும் பாட்டில்கள் யாவும் ஒன்றல்ல. பெரும்பாலும் வழக்கிலுள்ளவை மூன்று.

முதலாவது, சர்க்கரை நீர். நூறு மில்லி லிட்டரில் 5 கிராம் குளுக்கோஸ் கரைந்தது. அரை லிட்டர்ப் பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரையே. அதிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லிகள் தரும் சக்திக்கு இது மிகுதியன்று.

இரண்டாவது, "என்.எஸ்." என்று குறிக்கப்படும் உப்புநீர். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, வேறொன்றுமில்லை. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே ஒரு லிட்டர் உப்புநீர், இரண்டு நாளைய உப்பை ஒரே வேளையில் இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

மூன்றாவது, "ஆர்.எல்." எனப்படும் ரிங்கர் லாக்டேட். இதில் லிட்டருக்கு 6 கிராம் சமையல் உப்பும், 3.1 கிராம் சோடியம் லாக்டேட்டும், 0.3 கிராம் பொட்டாசியம் குளோரைடும், 0.2 கிராம் கால்சியம் குளோரைடும் உள்ளன. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலுள்ள உப்புக்களின் விகிதத்திற்குக் கூடியவரை ஒத்து வருமாறு அமைக்கப்பட்டதாகையால், இதனையும் இதைப் போன்றவற்றையும் சமச்சீர் நீர்கள் என்று மருத்துவர் கூறுவர்.

இவற்றுள் உப்பே இல்லாத வெறும் நீரை இரத்தக் குழாயில் செலுத்தலாகாது. விவசாயிகளுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். உவர் நீர் பாய்ந்த வயலில், மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதைக் கண்டிருக்கிறோம். உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் ஈர்க்கப்படுவதே அதன் காரணம். இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களும் அவ்வாறே. வெறும் நீரில் இட்டால் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். கடும் உப்புநீரில் இட்டால் நீரை இழந்து சுருங்கிவிடும். இரண்டுமின்றி அவை உருக்குலையாதிருக்கும் செறிவைத் தேடி, 1890-களில் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹாம்பர்கர் பரிசோதனைகள் செய்தார். நூற்றுக்கு 0.9 என்ற அளவு வழக்கில் நிலைபெற்றதற்கு அவரது ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

லீத் நகரத்து மூதாட்டி

இரத்தக் குழாயில் நீர் செலுத்தும் முறை வாந்திபேதியின் கொடுமையிலிருந்து பிறந்தது. 1831-இல் இங்கிலாந்தில் காலரா பரவிய காலை, ஓஷானஸி என்னும் இருபத்திரண்டு வயது அயர்லாந்து இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்புக்களும் பெரிதும் குறைந்துவிட்டதைக் கண்டறிந்தார். இழந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது அவரது முடிவு. பின்னர் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரும், இந்நாட்டில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே என்பது குறிப்பிடத்தக்கது.

அவரது கருத்தைச் செயலில் காட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து வைத்தியர் தாமஸ் லாட்டா. 1832-இல், மரணத்தின் வாயிலில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு, அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது மூன்று லிட்டருக்கு மேற்பட்ட உப்புநீரை அவர் இரத்தக் குழாயில் செலுத்தினார். குழிந்த கண்கள் தெளிவடைந்தன, நாடி திரும்பியது, மூதாட்டி பேசவும் தொடங்கினார். லாட்டா, வேறொருவர் பொறுப்பில் அவரை விட்டுச் சென்றார். பேதி மீண்டும் கண்டது. நீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். தொடர்ந்து செலுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்றே லாட்டா நம்பினார். இழப்பு தொடரும் வரை ஈடு செய்தலும் தொடர வேண்டும் என்னும் விதியை இச்சம்பவம் நமக்குப் புகட்டுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. லாட்டாவின் நீரில் சமையல் உப்புடன் சோடா உப்பும் சேர்ந்திருந்தது. வெறும் உப்புநீர் போதும் என்று பிற்காலத்தார் கொண்டது சௌகரியத்தினாலேயன்றி, ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்ததனால் அன்று.

சமச்சீர் நீர் தோன்றிய கதை

லண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்து வந்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தால் இதயம் விரைவில் ஓய்ந்தது. ஆனால் அதற்கு முன் கரைசல் ஒன்று அதனை நெடுநேரம் துடிக்கச் செய்திருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அக்கரைசல் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டது என்பது வெளிப்பட்டது. குழாய் நீரிலிருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது என்று 1883-இல் ரிங்கர் எழுதினார். தண்ணீர் மாறினால் சாயத்தின் நிறம் மாறுவதை அறிந்த நம் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. பின்னர் 1930-களில், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹார்ட்மன், பேதியால் இரத்தத்தில் புளிப்புத் தன்மை மிகும் குழந்தைகளுக்காக ரிங்கரின் நீரில் லாக்டேட்டைச் சேர்த்தார். உடல் அந்த லாக்டேட்டைச் செலவிடுங்கால், புளிப்பை மாற்றும் காரத்தன்மை இரத்தத்தில் உண்டாகிறது.

எது மேல்?

உப்புநீரில் குளோரைடு என்னும் பகுதி லிட்டருக்கு 154 மில்லிமோல். இரத்தத்தில் அது ஏறக்குறைய 100 மட்டுமே. ரிங்கர் லாக்டேட்டிலோ 109. மிகுதியான குளோரைடு இரத்தத்தின் புளிப்பைக் கூட்டும். 2012-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், நோயற்ற வாலிபர் பன்னிருவருக்கு இரண்டு லிட்டர் உப்புநீரும், வேறொரு நாளில் இரண்டு லிட்டர் சமச்சீர் நீரும் செலுத்திப் பார்த்தனர். உப்புநீர் பெற்ற வேளையில் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்தது. சமச்சீர் நீரினால் அவ்வாறு நேரவில்லை.

ஆனால், நோயாளிகள் பிழைப்பதிலும் இறப்பதிலும் இதனால் வேற்றுமை உண்டாகுமா? இதை அறிய ஒரே வழி, விவசாயிகள் செய்வதுபோல், ஒரே வயலின் ஒரு பாதிக்கு ஓர் உரமும் மறு பாதிக்கு வேறோர் உரமும் இட்டு மகசூலை எடை போட்டுப் பார்ப்பதுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மாதம் உப்புநீர், மறு மாதம் சமச்சீர் நீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தீவிர சிகிச்சையிலிருந்த 15,802 பேரைக் கணக்கிட்டனர். 2018-இல் வெளியான முடிவு இது: முப்பது நாட்களுக்குள் மரணமோ, புதிதாக இரத்தச் சுத்திகரிப்போ, நீடித்த சிறுநீரகக் கோளாறோ அடைந்தவர்கள் உப்புநீர் பெற்றோரில் நூற்றுக்கு 15.4, சமச்சீர் நீர் பெற்றோரில் 14.3. நூறு பேரில் ஒருவருக்கே வேற்றுமை. எனினும் கோடிக்கணக்கானோருக்குத் தரப்படும் ஒன்றில், நூற்றில் ஒன்று என்பதும் சிறிய எண்ணன்று.

பிறகு பிரேசில் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தவர்கள் சமச்சீர் நீரில் நூற்றுக்கு 26.4, உப்புநீரில் 27.2. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 5,037 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான பரிசோதனையில் 21.8-க்கு 22.0. இவ்விரண்டிலும் கண்ட வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. பல பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தோர், தராசு சமச்சீர் நீரின் பக்கம் சிறிதளவு சாய்வதாகவும், ஐயமற்ற தீர்ப்புக் கூறுவதற்கில்லை என்றும் எழுதினர்.

அன்றியும், எல்லா நோய்க்கும் ஒரே நீர் பொருந்தாது. தலையில் பலத்த காயமுற்றவர்களுக்கு உப்புநீரே நன்று. பிரேசில் பரிசோதனையில், அத்தகையோருள் சமச்சீர் நீர் பெற்றவர்களே அதிகம் இறந்தனர். விடாத வாந்தியினால் குளோரைடை இழந்தவர்களுக்கும் உப்புநீர் பொருந்தும். காலராவிலும் கடும் பேதியிலும் ரிங்கர் லாக்டேட் சிறந்தது. அது கிடைக்காவிடில் உப்புநீர் கொடுக்கலாம். வெறும் சர்க்கரை நீர் உதவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே, "எந்தப் பாட்டில்?" என்பதை நோயைக் கண்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். உறவினர் வற்புறுத்திக் கேட்டு வாங்கும் பொருளன்று அது.

விலை மிகுந்ததே உயர்ந்ததா?

உப்பு கலந்த நீர் விரைவில் இரத்தக் குழாயை விட்டுக் கசிந்து வெளியேறிவிடுகிறது என்பதால், கனமான பொருள்கள் கலந்த நீர்களையும் வைத்தியர் நாடினர். அவற்றுள் ஒன்று ஸ்டார்ச். ஆம், பாவுக்குக் கஞ்சி போட நாம் பயன்படுத்தும் மாவுப்பொருளேதான். மக்காச்சோளத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் எடுத்து ரசாயன முறையில் மாற்றியது. விலையும் மிகுதி; மதிப்பும் மிகுதியாயிருந்தது.

2012-இல் டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில், இரத்தத்தில் நச்சுத்தன்மை பரவிய 798 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், ஸ்டார்ச் பெற்றோரில் நூற்றுக்கு 51 பேரும், ரிங்கர் வகை நீர் பெற்றோரில் 43 பேரும் தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தனர். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 7,000 பேரிடம் நடந்த பரிசோதனையில், ஸ்டார்ச் பெற்றவர்களுக்கு இரத்தச் சுத்திகரிப்பு அதிகம் தேவைப்பட்டது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்தின் விற்பனை அனுமதியை நிறுத்தி வைத்தது.

தணிக்கைத் தொழிலில் உள்ள நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பகுதி மிகவும் கருதத்தக்கதாகத் தோன்றுகிறது. ஸ்டார்ச்சைப் புகழ்ந்து நிறைய எழுதிய ஜெர்மானிய மயக்க மருந்து நிபுணர் ஒருவரின் ஏடுகளை ஆராய்ந்தபோது, முறையான அனுமதிகள் இல்லையென்பது தெரிந்தது. 2011-இல் அவருடைய எண்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை மருத்துவ இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2013-இல் அவருடைய பரிசோதனைகளை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டிப் பார்த்தனர். அப்பொழுது ஸ்டார்ச் மரணத்தை அதிகரிப்பதாகத் தெரியவந்தது. பொய்க்கணக்கு சங்கத்தில் புகுந்தால் பணம் போகும். மருத்துவத்தில் புகுந்தால் உயிர் போகும்.

டெங்குக் காய்ச்சலினால் அதிர்ச்சி நிலை அடைந்த குழந்தைகளிடமும் ஒப்புநோக்கு நடந்துள்ளது. வியட்நாமில் நடந்து 2005-இல் வெளியான ஆராய்ச்சியில், நடுத்தர அதிர்ச்சியுற்ற 383 குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு, விலை குறைந்த ரிங்கர் லாக்டேட்டே விலையுயர்ந்தவற்றுக்கு ஈடாகப் பயன் தந்தது.

மிகுதியும் தீங்கே

நீர் அதிகம் ஏற்றினால் நன்மையும் அதிகம் என்று எண்ணுவோர் பலர். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடுங்காய்ச்சலுடன் இரத்த ஓட்டம் தளர்ந்த நிலையில் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. பேதி நோயுற்ற குழந்தைகள் இதில் சேர்க்கப்படவில்லை. விரைந்து நீர் செலுத்தப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இறந்தனர். அவ்வாறு விரைந்து செலுத்தப்படாத குழந்தைகளில் இறந்தோர் 7.3. கால்வாயில் வரும் நீர் உயிர் தருவதே. ஆயினும் வடிகால் அறியாது பாய்ச்சினால் வேர் அழுகும். இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு, தேவையின்றி ஏற்றிய பாட்டில் மூச்சுத் திணறலாக முடியக்கூடும்.

ஊசியில்லா மருந்து

1971-இல் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலராவினால் மடிந்தனர். பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. அங்குப் பணிபுரிந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற விகிதத்தில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து வாய்வழியாகப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம், இந்நீர் பெற்றோரிடையே நான்குக்கும் கீழாகக் குறைந்தது. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது அதனுடன் உப்பும், உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும் என்பதே இதன் தத்துவம். 2022-இல் காலமான அப்பெரியாருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இன்று "ஓ.ஆர்.எஸ்." என்று வழங்கும் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். பொட்டலத்தில் கண்ட அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், நீரைக் குறைக்கலாகாது. இனிப்புப் பானங்கள் சில இப்பெயரைச் சூட்டிக்கொண்டு விற்பனையாயின. விதித்த கலவை இல்லாத பானங்களுக்கு இப்பெயரை இடக்கூடாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. ஆதலால் வாங்குமுன் உறையிலுள்ள அளவுகளைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

குழந்தைக்குப் பேதி கண்டவுடன் இந்நீரைச் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கண்கள் குழிந்து போதல், குழந்தை துவண்டு கிடத்தல், குடிக்க இயலாமை, கிள்ளிய தோல் மெல்லத் திரும்புதல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாட்டில் நீர் உயிர் காப்பது அவ்வேளையிலேதான்.

முடிவாக

நாம் முதலில் குறிப்பிட்ட அங்கத்தினரை அடுத்த பார்வையின்போது மீண்டும் சந்தித்தோம். சங்கத் தலைவரின் யோசனைப்படி அவர் தமது மனைவியை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தார். இரத்தத்தைச் சோதித்ததில், அசதிக்குக் காரணம் இரத்தசோகை என்று தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரைகள் விலையின்றிக் கிடைத்தன. "இப்பொழுது தார் சுற்றுகிறாள் ஐயா, பாட்டில் கேட்பதில்லை" என்றார். ஆனால் நான்கு விண்ணப்பங்களில் கரைந்த சேமிப்பு திரும்பவில்லை. சர்க்கரை நீரை நம்பி, நோயின் மூலத்தை நாடாது கழித்த மூன்று மாதங்களும் திரும்பவில்லை.

உப்புநீரா, சமச்சீர் நீரா என்ற ஆராய்ச்சியில் உலகத்து அறிஞர்கள் கண்ட வேற்றுமை நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவோ, சற்று மிகுதியாகவோ இருக்கிறது. வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கொடுப்பதற்கும் கொடாமலிருப்பதற்கும் உள்ள வேற்றுமையோ, லீத் நகரத்து மூதாட்டியின் உயிரளவு பெரியது. எனவே, ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில எப்பொழுதும் இருக்குமாறு நிர்வாகக் குழுக்கள் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கான செலவு மிகச் சிறிது. பேரேட்டில் ஒரு வரிக்கு மேல் இடம் கொள்ளாது.